செங்கோட்டைக் காற்றும் கோணல் ஜன்னலும்: திரைச்சீலைக் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

தென்காசியிலிருந்து செங்கோட்டை, புளியரை வழியாக மலையேறி ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று இறங்கும் சாலையின் இருபுறமும் உள்ள வீடுகளில், கடையில் தைத்து வைத்திருக்கும் திரையை வாங்கி வந்து அப்படியே மாட்டிவிடக்கூடிய ஜன்னல்கள் குறைவு. செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேரும்வரை மேற்குப் பக்கத்துத் திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்த ஊர் என்பதால், தடித்த சுவரும் மர நிலையும் உட்புறம் திறக்கும் கதவுகளும் கொண்ட பழைய வீடுகளும், முகப்பில் முக்கோணக் கண்ணாடி வைத்த கேரள பாணிப் புதுவீடுகளும் இங்கே ஒரே தெருவில் நிற்கின்றன. இத்தகைய ஜன்னல்களுக்கு அளவெடுத்துத் தைத்த திரைகளும்கூட மாட்டிய சில மாதங்களில் கோளாறு கொடுப்பதுண்டு. “அண்ணாச்சி, துணி சரியில்லை” என்று வீட்டுக்காரர் சொல்வார்; “காற்று அப்படி, நான் என்ன செய்ய” என்று தையற்காரர் சொல்வார். என் பார்வையில், பெரும்பாலான கோளாறுகளுக்குக் காரணம் துணியில் இல்லை. சுவரிலும், காற்றின் போக்கிலும், அளவெடுத்த இடத்திலும்தான் இருக்கிறது. ஆகவே கீழே ஒவ்வொரு கோளாற்றையும் அது கண்ணுக்குத் தெரியும் விதத்திலிருந்து தொடங்கி, காரணத்தைச் சோதித்து அறிந்து, பிறகே சரிசெய்யும் வரிசையில் எழுதியிருக்கிறேன்.

ஏணியில் ஏறுவதற்கு முன்பு கிடைமட்டம் பார்க்க ஒரு ரசமட்டம், நேர்ச்செங்குத்து பார்க்க ஒரு தூக்குக்குண்டு, இரும்பு அளவு நாடா ஆகியவற்றை எடுத்துக்கொள்ள வேண்டும். தையல் நாடா நாள்பட்ட உபயோகத்தில் நீண்டுவிடும் என்பதால் ஜன்னல் அளவுக்கு அது உதவாது. கோளாறு எந்த மாதத்தில், எந்த வேளையில் தெரிகிறது என்பதையும் வீட்டாரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

ஆனி ஆடியில் திரை பறக்கிறது, அல்லது கம்பிக்கு வெளியே போய் நனைகிறது

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாகக் கிழக்கே பாய்கிறது. இந்தப் பக்கத்தில் காற்றாலைகள் நிற்பதற்குக் காரணமும் இதே காற்றுதான். அந்தக் காலத்தில் குற்றாலத்துச் சாரலும் சேர்ந்துகொள்வதால், மேற்குப் பார்த்த ஜன்னலில் தொங்கும் திரை ஒரு நிமிடமும் ஓய்ந்திருப்பதில்லை.

முதலில் திரை எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க வேண்டும். அறைக்குள் பறந்து வந்தால் காற்று நேராக அந்த ஜன்னலில் மோதுகிறது. வெளியே இழுக்கப்பட்டுக் கம்பிகளுக்கு இடையில் சிக்கினால், எதிர்ப்புறம் உள்ள வேறொரு திறப்பிலிருந்து நுழைந்த காற்று இந்த ஜன்னல் வழியாக வெளியேறுகிறது என்று பொருள். எதிர்ப்புறக் கதவை மூடிவிட்டுச் சற்று நேரம் கவனித்தால் இது உறுதியாகிவிடும். இரண்டாவது வகையில், கோளாறு தெரியும் ஜன்னலில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. காற்று நுழையும் ஜன்னலில் அதன் வேகத்தைத் தணித்தாலே போதும்.

காற்று நேராக மோதும் ஜன்னலில் பலரும் செய்வது கனத்த துணிக்கு மாறுவது. அது பயன் தருவதில்லை. நெருக்கமான நெசவுள்ள கனத்துணி பாய்மரம் போலக் காற்றை வாங்கிக்கொண்டு, அந்த இழுவை முழுவதையும் ராடுக்கும் அதைச் சுவரில் தாங்கும் பிராக்கெட்டுக்கும் கடத்துகிறது. திரை பறப்பது குறைந்தாலும் அடுத்த பருவத்தில் பிராக்கெட் சுவரை விட்டு வெளியே வந்திருக்கும். காற்று ஊடுருவிச் செல்லக்கூடிய தளர்ந்த நெசவுத் துணியை எடுத்து, அதன் கீழ் மடிப்புக்குள் ஈயமணிச் சரடு கோத்துத் தைப்பதே மிதமான காற்றுக்கு ஏற்றது. சரட்டை மடிப்பின் இரு முனைகளிலும் தையலில் பிடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே அது ஒரு மூலைக்கு நகர்ந்து, திரை அந்தப் பக்கமாகச் சாய்ந்து தொங்கும்.

சரடு போதாத இடத்தில், திரையின் மேலும் கீழும் மடிப்பு தைத்து இரண்டு மெல்லிய கம்பிகளில் இழுத்துக் கட்டுவது எளிய வழி. ஜன்னலின் கீழ்ப்பாதிக்கு மட்டும் இப்படிச் செய்து மேல்பாதியைத் திறந்து வைத்தால், தெருவிலிருந்து பார்வை மறையும், காற்றும் வரும். ரோலர் பிளைண்டு (குழலில் சுருளும் திரை) வேண்டும் என்பவர்கள், கீழ்ப்பட்டை இரு பக்கமும் உருக்குக் கம்பியில் வழுக்கிச் செல்லும் வகையையோ, துணியின் ஓரம் பக்கவாட்டுச் சட்டத்துக்குள் ஜிப் போலப் பல்லிணைப்பாகப் பிடிபட்டு ஓடும் வகையையோ கேட்டு வாங்க வேண்டும். பின்னது விலை கூடுதல். ஆனால் மாடி வராந்தாவில் வேறெதுவும் நிற்பதில்லை.

சாரல் உள்ளே அடிப்பதைத் தடுக்க ஜன்னலுக்கு வெளியே, சன்ஷேடுக்கு அடியில், பிவிசி பூசிய துணியைச் சுருட்டு திரையாகத் தொங்கவிடுவதுண்டு. அதன் நான்கு பக்கத்தையும் இறுகக் கட்டிவிடக் கூடாது. கீழ்ப்பக்கம் ஒரு சாண் திறந்திருந்தால் காற்று வெளியேறும். இல்லையென்றால் துணியின் கண்வளையங்கள் ஒவ்வொன்றாகக் கிழிந்து வரும். இரவில் காற்று வலுத்தால் அதைச் சுருட்டிக் கட்டிவிடுவதே நல்லது.

பிராக்கெட் ஆடுகிறது, சுவரிலிருந்து பொடி உதிர்கிறது

திருகாணியைக் கழற்றி, துளையிலிருந்து உதிரும் பொடியைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். இந்தச் சோதனைக்கு வேறு கருவி தேவையில்லை.

பொடி வெளுத்து மாவாக இருந்தால் அது சுண்ணாம்புப் பூச்சு. பழைய வீட்டில் அந்தப் பூச்சு ஓர் அங்குலத்துக்கு மேலும் இருக்கக்கூடும். ஒன்றரை அங்குலத் திருகாணி அதற்குள்ளேயே நின்றுவிட்டிருக்கும், செங்கல்லைத் தொட்டே இருக்காது. மூன்று அங்குலத் திருகாணியும் அதற்கேற்ற நீளமான ராவல் பிளக்கும் (துளையில் செருகித் திருகாணியைப் பிடிக்க வைக்கும் உறை) எடுத்து, செங்கல்லின் நடுவில் துளையிட வேண்டும். துளையிடும்போது தடையே இல்லாமல் டிரில்லின் பிட் (துளையிடும் முனை) உள்ளே இறங்கினால் இரு கற்களுக்கு இடைப்பட்ட சாந்தில் போய்க்கொண்டிருக்கிறோம் என்று அறிந்து, ஓர் அங்குலம் மேலேயோ கீழேயோ நகர வேண்டும்.

பொடி செம்மண் நிறத்தில் சிறு உருண்டைகளோடு வந்தால், அது எல்லைக்கு அப்பால் வெட்டுக்கல் என்று சொல்லப்படும் செம்பாறைக்கல். இந்தக் கல்லில் இயல்பாகவே பொந்துகள் உண்டு. டிரில்லின் சுத்தியல் இயக்கத்தை நிறுத்திவிட்டு, வெறும் சுழற்சியில் மெதுவாகத் துளையிட வேண்டும். சுத்தியல் இயக்கத்தில் எட்டு மில்லிமீட்டர் துளை பன்னிரண்டாக அகன்றுவிடும். அப்படி அகன்றுவிட்ட துளையில் தீக்குச்சியும் காகிதமும் திணித்துத் திருகாணியை முறுக்குவது வழக்கத்தில் உள்ள தந்திரம்; தீபாவளிவரைகூட அது தாங்காது.

பொடி சாம்பல் நிறமாக இருந்து, பிட் ஓர் அங்குலம் கடந்ததும் திடீரென்று வெற்றிடத்துக்குள் பாய்ந்தால், அது உள்ளீடற்ற சிமெண்டுக் கல். அதற்குச் சாதாரண பிளக் பிடிக்காது. உள்ளே போய் விரிந்து பின்புறமாகக் கவ்விக்கொள்ளும் வகை வேண்டும்.

சுவர் எதுவாக இருந்தாலும், ஒரே இடத்தில் பாரம் விழாமல் பரப்பிவிடுவதே நிலைத்த தீர்வு. ஜன்னலின் அகலத்தைவிட ஓரடி கூடுதலான நீளத்தில், மூன்று அங்குல அகலமுள்ள ஒரு மரப்பட்டையை எடுத்து, அதைச் சுவரில் ஐந்தாறு இடங்களில் பிணைத்து, பிராக்கெட்டுகளை அந்தப் பட்டையில் அடித்துக்கொள்ளலாம். சுவரின் நிறத்திலேயே வண்ணம் பூசிவிட்டால் பட்டை தெரியாது. பழைய வீடுகளில் ஜன்னலுக்கு மேல் சுவரைத் தாங்கும் லிண்டலாக மர விட்டமே இருப்பதுண்டு; அதில் பிளக் தேவையே இல்லை. ஆனால் முதிர்ந்த தேக்கில் முன்துளை போடாமல் திருகாணியை ஏற்றினால் அதன் தலை முறிந்துவிடும், முறிந்த துண்டும் வெளியே வராது. புதுவீட்டின் கான்கிரீட் லிண்டலில் பிட் இறங்கவில்லையென்றால் உள்ளே கம்பி இருக்கலாம். அழுத்திப் போராடாமல் பக்கத்தில் நகர்வதே சரி.

ஜன்னல் கதவு உட்புறம் திறக்கும்போது ராடில் இடிக்கிறது

இது பழைய அக்கிரகார வீடுகளில் தவறாமல் காணும் கோளாறு. கம்பிகள் வெளிப்புறத்திலும் கதவுகள் உட்புறத்திலும் இருப்பதால், நிலைக்கு மேல் மாட்டிய ராடு எவ்வளவு முன்னே தள்ளியிருந்தாலும் துணி கதவின் பாதையில் நிற்கும். கதவின் மேல்முனை திறக்கும்போது எழுதும் அரைவட்டத்தைத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் வரைந்து பார்த்தால், எங்கே இடிக்கிறது என்பது விளங்கும்.

ராடை நிலைக்கு மேல் எட்டு அங்குலமாவது உயர்த்தி, இரு பக்கமும் ஓரடிக்கு மேல் நீட்டிவிட்டால், திரையை முழுவதும் ஒதுக்கிய பிறகு கதவைத் திறக்க முடியும். அதற்குச் சுவரில் இடம் இல்லாவிட்டால், ஒவ்வொரு கதவிலும் மேலும் கீழும் மெல்லிய கம்பி வைத்து, திரையைக் கதவோடு சேர்த்தே பொருத்திவிடலாம். கதவு திறந்தால் திரையும் உடன் நகரும். கீல் போல மடங்கும் கை ராடும் இதற்கென்றே கிடைக்கிறது. ஆனால் அதில் இரண்டரை அடிக்கு மேல் அகலமுள்ள துணியைத் தொங்கவிட்டால் முனை தாழ்ந்துவிடும்.

ரோலர் பிளைண்டு ஒரு பக்கமாக ஏறிச் சுருளுகிறது

முதலில் குழல் ரசமட்டத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஜன்னலின் நிலையோடு ஒப்பிட்டுப் பார்க்கக் கூடாது, ஏனென்றால் நூறாண்டு நின்ற நிலை மட்டமாக இருப்பதில்லை. பிராக்கெட்டுக்கு அடியில் தகடு வைத்து மட்டம் செய்த பிறகும் துணி வலப்புறம் நகர்ந்தால், திரையை முழுவதும் இறக்கி, வெறும் குழலின் இடது முனையில் ஓர் அங்குல அகலக் காகித நாடாவை ஒரு சுற்று ஒட்டிவிட்டு மீண்டும் சுருட்டிப் பார்க்க வேண்டும். இடப்புறம் நகர்ந்தால் வலது முனையில் ஒட்ட வேண்டும். நாடா ஒட்டிய பக்கத்தில் குழலின் சுற்றளவு கூடுவதால் துணி அந்தப் பக்கம் திரும்பி வருகிறது. ஒரு சுற்று போதாவிட்டால் இன்னொன்று சேர்க்கலாம். மூன்றுக்கு மேல் தேவைப்பட்டால் துணியே கோணலாக வெட்டப்பட்டிருக்கிறது.

துணியின் நடுவில் சரிவான சுருக்கங்கள் விழுந்தால் அது வேறு கோளாறு: அகலத்துக்குக் குழல் போதாமல் நடுவில் வளைகிறது. 38 மில்லிமீட்டர் குழலை 45 மில்லிமீட்டருக்கு மாற்ற வேண்டும், அல்லது ஒரே திரையை இரண்டாகப் பிரிக்க வேண்டும். இரு ஓரங்களிலும் வெளிச்சக் கீற்று தெரிவது கோளாறே அல்ல. பிராக்கெட்டுக்கும் சங்கிலிக்கும் இடம் விட்டே துணி வெட்டப்படுகிறது. அது பிடிக்காதவர்கள் நிலைக்குள் பொருத்தாமல் சுவருக்கு மேல் பொருத்தி, இரு பக்கமும் மூன்று அங்குலம் மூடிக்கொள்ள வேண்டும்.

முகப்பின் முக்கோண ஜன்னலில் வெயில் இறங்குகிறது, துணியோ சரிவில் நழுவுகிறது

வடக்கு பார்த்த ஜன்னலுக்குத் திரை வேண்டியதில்லை என்ற எண்ணம் இந்த ஊருக்குப் பொருந்தாது. செங்கோட்டை ஏறத்தாழ 9 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. சித்திரை முதல் நாளை ஒட்டிச் சூரியன் நண்பகலில் நேர் உச்சியைக் கடந்து வடபுறம் போய்விடுகிறது. ஆகஸ்ட் கடைசியில்தான் தென்புறம் திரும்புகிறது. ஜூன் 21 அளவில் நண்பகலில் அது உச்சியிலிருந்து 14 பாகைக்கு மேல் வடக்கே சாய்ந்திருக்கும். காலையிலும் மாலையிலும் வடகிழக்கிலும் வடமேற்கிலும் தாழ்ந்து நின்று, சன்ஷேடு இல்லாத முக்கோணக் கண்ணாடி வழியாகக் கூடத்துக்குள் எட்டிப் பார்க்கும். மார்கழியில் வீடு பார்த்து வாங்கியவர்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

சரிவான பக்கத்தில் ராடு வைத்தால் வளையங்கள் அனைத்தும் கீழ்முனைக்கு வந்து குவியும். அங்கே நகரும் திரை வேண்டாம் என்பதே என் கருத்து. முக்கோணத்தின் உள்ளளவைப் பழுப்புத்தாளில் அச்செடுத்து, அதே வடிவில் மெல்லிய மரச்சட்டம் செய்து, துணியை அதன்மேல் இழுத்து வெல்க்ரோ நாடாவில் ஒட்டி, சட்டத்தை நிலைக்குள் செருகிவிடலாம். அளவை நாடாவில் எடுத்துக் கணக்குப் போட்டால் உச்சிக் கோணத்தில் பிசகும். தாளை ஒட்டி, விளிம்பைப் பேனாவால் தேய்த்து எடுத்த அச்சு பிசகாது. தாளில் ‘உள்பக்கம்’ என்று எழுதிவைக்க வேண்டும், ஏனென்றால் இரு சரிவுகளும் சமமாக இருப்பது அரிது, புரட்டி வெட்டிவிட்டால் துணி வீணாகும். சட்டம் நிலையைவிட அரைக்கால் அங்குலம் சிறியதாக இருக்கட்டும். ஆடி ஈரத்தில் மரம் பருக்கும்.

வளைவு ஜன்னலில் துணி வளைவோடு ஒட்டவில்லை

வளைவின் அகலமும் உயரமும் தெரிந்தால் ஆரத்தைக் கணக்கிடலாம்: அகலத்தில் பாதியின் வர்க்கத்தோடு உயரத்தின் வர்க்கத்தைக் கூட்டி, உயரத்தின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். 48 அங்குல அகலமும் 12 அங்குல உயரமும் உள்ள வளைவுக்கு 576-உம் 144-உம் சேர்ந்து 720. அதை 24-ஆல் வகுத்தால் ஆரம் 30 அங்குலம். ஆணியும் நூலும் கொண்டு பலகையில் அந்த வளைவை வரைந்து, ஜன்னலில் வைத்துப் பார்க்க வேண்டும். பழைய வளைவுகளில் கொத்தனாரின் கை தெரியும். அங்கே கணக்கை விட்டுவிட்டுத் தாளில் அச்செடுப்பதே வழி. வளைவுப் பகுதி திறக்காத கண்ணாடியாக இருந்தால், நேர் ராடை வளைவு தொடங்கும் இடத்திலேயே வைத்து, மேலே ஒன்றும் மாட்டாமல் விட்டுவிடுவது அழகாகவும் இருக்கும்.

வெளியே பிதுங்கிய ஜன்னலின் மூலையில் ரன்னர் சிக்குகிறது

மூன்று முகம் கொண்ட இந்த ஜன்னலில் டிராக்கை (திரை ஓடும் தடத்தை) மூலையில் வெட்டி ஒட்டியிருந்தால், திரையைத் தாங்கி அதில் ஓடும் ரன்னர் அந்த இணைப்பில் நிற்கும். விரலால் தடவினால் பிசிறு தட்டுப்படும். அரத்தால் தேய்த்துச் சரிசெய்யலாம். ஆனால் ஒரே துண்டாக வளைத்த அலுமினிய டிராக்கே நெடுநாள் ஓடும். அதற்கான அளவைக் கண்ணாடியின் ஓரத்தில் எடுப்பதில்தான் தவறு நேர்கிறது. முகங்கள் 135 பாகையில் சந்திக்கும் ஜன்னலில், டிராக் கண்ணாடியிலிருந்து நான்கு அங்குலம் உள்ளே வந்தால், நடு முகத்தின் நீளம் ஒவ்வொரு மூலையிலும் ஒன்றே முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக, மொத்தம் 3.3 அங்குலம் சுருங்கும். டிராக் வரும் கோட்டை மேல்தளத்தில் வரைந்து, அந்தக் கோட்டிலேயே அளக்க வேண்டும்.

கண்ணாடி ஓட்டுக்கு அடியில் அறை கொதிக்கிறது

வெளிச்சத்துக்காக ஓடுகளுக்கு நடுவே வைத்த கண்ணாடி ஓடு, சித்திரையில் நேர் உச்சி வெயிலை இறக்கும். ஓட்டின் சரிவை ஒட்டி இரண்டு உருக்குக் கம்பிகளை இறுக்கிக் கட்டி, துணியை வளையங்களில் கோத்து மடிப்பு மடிப்பாக இழுக்கும்படி செய்யலாம். கம்பி தொய்வதே இங்கே வரும் கோளாறு. ஒரு முனையில் முறுக்கிறுக்கி (டர்ன்பக்கிள்) ஒன்றை வைத்தால் ஆண்டுக்கு ஒருமுறை இறுக்கிக்கொள்ளலாம். துணிக்கும் ஓட்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தால் சூடு ஓட்டிடுக்கு வழியாக வெளியேறும். வெட்டிவேர்த் தட்டியை நனைத்துத் தொங்கவிடும் யோசனை மதுரை வெயிலுக்கு நல்லது. சாரல் காலத்தில் இங்கே ஈரம் உலராது, பூஞ்சைதான் மிஞ்சும்.

துணியின் பின்புறம் கரும்புள்ளிகள்

சுவர் ஈரமா, அறைக் காற்றின் ஈரமா என்று பிரித்தறிய வேண்டும். ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் ஓரடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் நாடாவால் ஒட்டி இரண்டு நாள் விட்டுப் பார்க்கலாம். தாளுக்கு உட்புறம் நீர் அரும்பினால் சுவர் கசிகிறது. சன்ஷேடின் வெடிப்பை அடைக்காமல் திரையை எத்தனை முறை துவைத்தாலும் பயனில்லை. உட்புறம் உலர்ந்து வெளிப்புறம் ஈரமாக இருந்தால் காற்றோட்டமே குறை. ராடைச் சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளி வைத்து, பகலில் திரையை ஒதுக்கி வைக்க வேண்டும்.

முதல் சலவைக்குப் பின் திரை தரையை விட்டு எழும்பிவிட்டது

பருத்தித் துணி நீளத்தில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு சுருங்குவது இயல்பு. ஏழடித் திரையில் அது மூன்று நான்கு அங்குலம் ஆகும். நெசவுத் துணியை வெட்டுவதற்கு முன்பே நனைத்து உலர்த்திவிட வேண்டும். கீழ் மடிப்பில் நான்கு அங்குலத்தை இரண்டாக மடித்துத் தைத்திருந்தால், ஏற்கெனவே சுருங்கிய திரையையும் பிரித்து இறக்கிக்கொள்ளலாம்.

மாடிப்படி ஜன்னலின் சங்கிலி கைக்கு எட்டவில்லை, எட்டும்படி நீட்டினால் குழந்தை இழுக்கிறது

நீண்டு தொங்கும் சங்கிலி வளையம் சிறு குழந்தையின் கழுத்தில் மாட்டிக்கொண்டால் உயிருக்கு ஆபத்து. வளையத்தின் கீழ்முனையைச் சுவரோடு பிணைக்கும் பிடிப்பானைப் பொருத்தி, சங்கிலி எப்போதும் இறுகி நிற்கும்படி செய்ய வேண்டும். படியில் நின்றோ பக்கத்து நாற்காலியில் ஏறியோ குழந்தை எட்டக்கூடிய உயரத்தில் தளர்ந்த கயிறு எதுவும் இருக்கக் கூடாது. இரண்டு மாடி உயர ஜன்னலுக்கு மின்கலத்தில் ஓடும் மோட்டார்த் திரையே பொருத்தம். அதன் மின்னேற்ற முனை குழலின் உச்சியில் இருந்தால் ஒவ்வொரு முறையும் ஏணி வைக்க வேண்டிவரும். ஆகவே மின்னேற்றக் கம்பியைச் சுவர் வழியாகக் கீழே இறக்கித் தருவார்களா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.